மொட்டை மாடிச் சூடு: மேல் மாடியில் குடியிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தளம் போடுவது, ஒழுகல் அடைப்பது, மாடிச் சூட்டைக் குறைப்பது என்று வேலை எடுத்துச் செய்வதால், பங்குனி பிறந்துவிட்டால் எனக்குப் போன் ஓயாது. ஆள்தான் மாறுகிறாரே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, பதிலையும் எழுதி வைத்துவிட்டேன். கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே குடியிருப்பவர்களை நினைத்து எழுதியது, ஷீட் கூரைக்காரர்களுக்கும் நடுவில் ஒரு பதில் இருக்கிறது.

சார், வெயில் போய் நாலு மணி நேரம் ஆச்சு, ராத்திரி பத்து மணிக்கும் வீடு கொதிக்குதே, ஏன்?

கான்கிரீட் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். ஐந்து அங்குலத் தளம், அதன் மேல் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடும் அடுக்கு), அதற்கும் மேல் தட்டோடு (தட்டையான ஓடு) என்று இருந்தால் மதியம் மேல்பரப்பில் ஏறிய சூடு உள்பக்கம் வந்து சேரவே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். மே மாதத்தில் கருத்துப்போன தளத்தின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூடுதான் இருட்டிய பிறகு உங்கள் தலைக்கு மேல் இறங்குகிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதே, அந்தக் கதை.

சந்தேகமாக இருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு அதே கையை உள் சுவரில், அதாவது இரண்டு அறைக்கு நடுவில் இருக்கிற சுவரில் வையுங்கள். கூரை வெதுவெதுப்பாகவும் சுவர் சாதாரணமாகவும் இருந்தால் உங்கள் பிரச்சினை மாடிதான், மேலே படியுங்கள். மேற்குச் சுவரும் சேர்ந்து சுட்டால் மாடிக்கு மட்டும் செலவு செய்து முழுக் குளிர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள்.

சுவத்துலயும்தான் வெயில் அடிக்குது, எல்லாரும் மாடியவே ஏன் சொல்றீங்க?

நம் ஊர் இருக்கிற இடம் அப்படி. சென்னைக்கு ஏப்ரல் 25 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், ஆகஸ்ட் நடுவில் மறுபடி ஒரு முறை. கன்னியாகுமரிக்கு அது ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே வந்துவிடும். கோடை முழுக்க மதியச் சூரியன் உச்சியை ஒட்டியே நிற்கிறது என்று அர்த்தம். கிழக்குச் சுவருக்கு காலையில் கொஞ்ச நேரம், மேற்குச் சுவருக்கு மாலையில் கொஞ்ச நேரம், மாடிக்கு மட்டும் காலையிலிருந்து மாலை வரை.

ஃபேன் போட்டா அனல் காத்துதான் வருது. நல்ல ஃபேனா மாத்தட்டுமா?

மாற்றினாலும் அதே அனல்தான் வரும். கூரையை ஒட்டி நிற்கிற காற்று சூடாக இருக்கிறது, ஃபேன் அதைக் கீழே தள்ளுகிறது. அதோடு கூரையே வெப்பத்தை உங்கள் உடம்பின் மேல் வீசிக்கொண்டிருக்கிறது. ஏசியில் 25 வைத்தும் சிலருக்குப் புழுங்குவதற்கு இதுதான் காரணம், காற்று குளிர்ந்திருக்கும், கூரை குளிர்ந்திருக்காது. பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கினால் கரண்ட் மிச்சமாகும், அதற்காக வாங்குங்கள், சூட்டுக்காக வேண்டாம்.

சரி, என்னென்ன வழிதான் இருக்கு, மொத்தமா சொல்லிடுங்க.

வெயிலைத் திருப்பி அனுப்பலாம், அதாவது வெள்ளை. வெயில் தளத்தைத் தொடாமல் நிழல் கட்டலாம். உள்ளே இறங்கும் சூட்டை நடுவில் ஒரு தடுப்பு வைத்து மறிக்கலாம், அதைத்தான் இன்சுலேஷன் என்கிறோம். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகும், அது நான்காவது. மற்றதெல்லாம் இந்த நான்கின் பேர் மாறிய வடிவங்கள்தான்.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் ஒழுகலையும் வாட்டத்தையும் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) சரிசெய்யுங்கள், அப்புறம் வெள்ளை, அப்புறமும் போதவில்லை என்றால் இன்சுலேஷன். ஒழுகுகிற தளத்தின் மேல் எதைப் போட்டாலும் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அதை உடைத்துத்தான் ஒழுகலைத் தேட வேண்டியிருக்கும். உள்ளே போலிக்கூரை (ஃபால்ஸ் சீலிங்) அடிப்பதை நான் எப்போதும் கடைசியில்தான் வைப்பேன், ஏனென்று அந்தக் கேள்வி வரும்போது சொல்கிறேன்.

சுண்ணாம்பு அடிச்சாலே போதும்ங்கிறாங்க, கூல் ரூஃப் பெயின்ட்தான் வேணும்னு கடைக்காரர் சொல்றாரு. எது?

வேலை ஒன்றுதான். பழைய சாம்பல் நிறச் சிமென்ட் தளம் விழுகிற வெயிலில் முக்கால் பங்கு வரை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக அடித்த நல்ல வெள்ளை அதைத் தலைகீழாக்கி முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பு இதில் பெயின்ட்டுக்கு ஒன்றும் சளைத்ததில்லை. வித்தியாசம் நிற்பதில்தான். சுண்ணாம்பு கையில் ஒட்டும், காலில் ஒட்டும், ஒரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பாதி கரைந்துபோகும். வருஷா வருஷம் மாசிக் கடைசியில் அடித்துக்கொள்ளத் தயார் என்றால் அதைவிட மலிவான வழி கிடையாது. நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, தளத்தை நனைத்துவிட்டு இரண்டு கை குறுக்கும் நெடுக்கும் அடிக்க வேண்டும். காய்ந்த தளத்தில் அடித்தால் தண்ணீரைத் தளம் குடித்துவிட்டு மேலே பொடி மட்டும் நிற்கும்.

மாடியில் துணி காயப்போடுகிறவர்கள், குழந்தைகள் ஓடுகிற வீடு என்றால் பெயின்ட். வாங்கும்போது டப்பாவில் சூரிய ஒளிப் பிரதிபலிப்பு அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சுவருக்கு அடிக்கிற வெள்ளை பெயின்ட் தரையில் தண்ணீர் நிற்பதைத் தாங்காது, உரிந்து வரும். அறைக்குள் எவ்வளவு குறையும் என்றால், நல்ல வெள்ளைக்கு இரண்டு மூன்று டிகிரியை எதிர்பார்க்கலாம், பத்து டிகிரி என்று சொல்லி விற்பவர் தளத்தின் மேல்பரப்புச் சூட்டைச் சொல்கிறார், உங்கள் கட்டில் இருக்கிற இடத்தை இல்லை.

பெயின்ட் அடிச்ச வருஷம் நல்லா இருந்துச்சு, இப்ப பழையபடி சூடு. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை, அழுக்கு. ரோட்டுப் புழுதி, வண்டிப் புகை, மழைக்காலப் பாசி எல்லாம் சேர்ந்து வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், சாம்பல் ஆனால் முன் பதிலில் சொன்ன கணக்கு திரும்பவும் தலைகீழ். கோடை தொடங்கும் முன் ஒரு முறை சோப்புத் தண்ணீர் விட்டு தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவியும் வெளுக்கவில்லை என்றால் மேலே ஒரு கை அடித்தால் போதும், முழுதாகச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் தேங்குகிற இடத்தில் மட்டும் பாசி திரும்பத் திரும்ப வந்தால் குற்றம் பெயின்ட்டில் இல்லை, வாட்டத்தில்.

கூலிங் டைல்ஸ் போட்டா பெயின்ட்டை விட நல்லதா?

அதிலும் வேலை செய்வது வெள்ளை நிறம்தான். டைல்ஸின் கனம் வெப்பத்தைத் தடுப்பது ரொம்பக் குறைவு. ஆனால் கழுவுவது சுலபம், பல வருஷம் நிற்கும், அது உண்மையான லாபம். டைல்ஸ் என்றாலே ஒழுகாது என்று நினைத்துவிடாதீர்கள், தண்ணீர் இறங்குவது டைல்ஸில் இல்லை, இரண்டு டைல்ஸுக்கு நடுவில். அடியில் நீர்த்தடுப்பு, நடுவில் நல்ல குரௌட் (இடுக்கை அடைக்கிற கலவை), கைப்பிடிச் சுவரோடு சேருகிற மூலையில் வளைத்துப் பூசியது, இந்த மூன்றும் சரியாக இருந்தால் போடுங்கள். பளபளப்பானது வேண்டாம், மழையில் வழுக்கும், வெயிலில் கண் கூசும்.

பழைய வீடு. சுருக்கி போட்டிருக்கு, அதை உடைச்சு எடுத்துட்டு புதுசா ஏதாவது போடுங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. எடுக்கலாமா?

நன்றாக இருந்தால் தொடாதீர்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, நாள் கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம் அது. சராசரியாக மூன்று அங்குலம் இருக்கும், வெறும் கான்கிரீட்டைவிட நன்றாகவே சூட்டைத் தடுக்கும், மேலே தட்டோடு இருந்தால் தண்ணீரையும் தடுக்கும். மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி அதன் மேல் இதைப் போட்டிருப்பார்கள், அந்த வீடுகள் மதியத்தில் ஜில்லென்று இருப்பதற்கு உயரமான கூரையும் இந்தக் கனமும்தான் காரணம்.

உடைக்க வேண்டியது எப்போது? காலால் தட்டினால் டொப்பு டொப்பென்று வெற்றுச் சத்தம் வந்து, ஓடு பெயர்ந்து, கீழே கூரையில் ஓதம் படர்ந்திருந்தால். அப்போதும் இடம் பார்த்து உடைத்துச் சரிசெய்யப் பார்க்கலாம். இன்று அதே பக்குவத்தில் தட்டித்தர ஆள் கிடைப்பது கஷ்டம், பல இடங்களில் சுருக்கி என்ற பேரில் சிமென்ட் கலந்து ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறார்கள்.

தெர்மாகோலை மாடியில வெச்சு மேல தளம் போடுறாங்களாமே, நடந்தா அமுங்காதா?

டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல் அமுங்கும். கட்டட வேலைக்கு அடர்த்தி கூடியது தனியாக வருகிறது. அதைவிட நல்லது எக்ஸ்.பி.எஸ். பலகை (தெர்மாகோல் இனத்தில் இன்னும் இறுக்கமான நுரைப் பலகை), அதில் தண்ணீர் ஊறுவது ரொம்பக் குறைவு, ஆள் நடமாட்டத்தைத் தாராளமாகத் தாங்கும். வரிசை முக்கியம்: தளம், அதன் மேல் நீர்த்தடுப்பு, அதன் மேல் பலகை, பலகையின் மேல் கோழி வலை போட்டு இரண்டு அங்குலச் சிமென்ட் தளம், கடைசியில் வெள்ளை டைல்ஸ் அல்லது வெள்ளை பெயின்ட். பலகைகளுக்கு நடுவில் சந்து விடக்கூடாது, விட்டால் அந்தச் சந்து வழியாகச் சூடு இறங்கும். மேல் தளத்தைப் பெரிய பாத்தியாகப் போடாமல் வெட்டு விட்டுப் போட்டால் வெடிப்பு வராது.

தெர்மாகோலுக்கு எடை இல்லை, அதன் மேல் போடுகிற இரண்டு அங்குலத்துக்கு இருக்கிறது, சதுர அடிக்கு சுமார் பத்து கிலோ. ஏற்கெனவே சுருக்கி சுமந்து நிற்கிற பழைய தளம் என்றால் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போடுங்கள். கொத்தனார் சொன்னால் போதாதா என்று கேட்பார்கள், இந்த ஒரு விஷயத்தில் போதாது.

எத்தனை இஞ்ச் போடணும்? நாலு இஞ்ச் போட்டா ஏசியே வேணாம்தானே?

ஓர் அங்குலத் தெர்மாகோல் தடுக்கிற சூட்டைக் கான்கிரீட்டில் தடுக்க வேண்டுமானால் மூன்றடிக்கு மேல் கனமாகத் தளம் போட வேண்டும். அதனால் முதல் அங்குலத்திலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும். சுருக்கியுள்ள சாதாரணத் தளத்தில் 100 பங்கு சூடு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் ஓர் அங்குலம் வைத்தால் அது 40-க்குக் கீழே போகும், இரண்டு அங்குலம் வைத்தால் 20-ஐ ஒட்டி வரும், நான்கு வைத்தால் பன்னிரண்டு பதின்மூன்று. ஆக மூன்றாவது நான்காவது அங்குலத்துக்குக் கொடுக்கிற காசு மேற்குச் சுவருக்கும் ஜன்னலுக்கும் போனால் நல்லது.

எரிசக்தித் திறன் வாரியம் 2018-இல் வீடுகளுக்காகக் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதியில் கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. யு-மதிப்பு என்பது ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் சூடு கடக்கிறது என்ற அளவு. நம் வழக்கமான தளம் அதில் இரண்டு மடங்கு. ஓர் அங்குலப் பலகை வைத்தாலே விதிக்குள் வந்துவிடும். ஏசி வேண்டாமா என்றால், சென்னை மே மாதத்தில் வெளிக்காற்றே 38, 40 இருக்கும்போது எந்தக் கூரையும் அதைக் குறைக்காது.

ஃப்ளாட்டு. மாடி எல்லாருக்கும் பொது, மேல எதுவும் பண்ண விடமாட்டேங்கிறாங்க. உள்ளேயே ஃபால்ஸ் சீலிங் போட்டா?

முதலில் சங்கத்தில் வெள்ளை அடிக்க மட்டும் கேட்டுப் பாருங்கள். டைல்ஸ், தளம் என்றால் தகராறு வரும், வெள்ளை அடிப்பதற்கு அவ்வளவு எதிர்ப்பு வராது, தளத்துக்கும் அது நல்லது என்று சொல்லலாம், உண்மையும் அதுதான்.

முடியவே முடியாது என்றால் உள்ளே போடலாம். ஆனால் வெறும் ஜிப்சம் பலகை மட்டும் அடித்தால் சுமாரான பலன்தான், அதன் மேல் கண்ணாடிக் கம்பளி அல்லது ராக்வூல் இரண்டு அங்குலம் பரப்பினால்தான் வித்தியாசம் தெரியும். நான் இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், தளம் அப்போதும் வெயிலில் வெந்துகொண்டேதான் இருக்கும், தினமும் விரிந்து சுருங்கி கைப்பிடிச் சுவர் சேருகிற இடத்தில் வெடிக்கும். ஒழுகல் வந்தாலும் போலிக்கூரை மறைத்துவிடும், கறை கீழே தெரியும்போது உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும். தெர்மாகோலை அப்படியே கூரையில் ஒட்டிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும்.

அலுமினிய ஃபாயில் ஷீட்டை தளத்து மேல ஒட்டி சிமென்ட் பூசிட்டோம். ஒண்ணும் தெரியலையே?

தெரியாது. ஃபாயில் வேலை செய்ய அதன் ஒரு பக்கமாவது காற்றிடைவெளி வேண்டும். சூடான பரப்பு வீசுகிற வெப்ப அலையைத் திருப்புவதுதான் அதன் வேலை. சிமென்ட்டோடு ஒட்டிவிட்டால் அலைக்கு அங்கே இடமே இல்லை, சூடு தொட்டுத் தொட்டுக் கடந்துவிடும், அலுமினியம் அதற்கு ராஜபாட்டை. அதே ஷீட்டை தகரக் கூரைக்குக் கீழே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு இழுத்துக் கட்டியிருந்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரிந்திருக்கும்.

எங்களுது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, பக்கத்துல தகரம். இதுக்கெல்லாம் வழி இருக்கா?

ஷீட் கூரைக்குக் கனம் கிடையாது, வெயில் பட்ட அடுத்த நிமிடம் உள்ளே வந்துவிடும், ஆனால் சாயங்காலம் சீக்கிரம் ஆறியும்விடும். அதனால் இங்கே வெள்ளை அடிப்பது தளத்தைவிட அதிகப் பலன் தரும். புதுத் தகரம் பளபளவென்று இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். அது வெளிச்சத்தைத் திருப்பும், ஆனால் ஏறிய சூட்டை வெளியே வீசத் தெரியாது, அதனால் வெள்ளை அடித்த தகரத்தைவிட அதிகமாகச் சுடும்.

ஆஸ்பெஸ்டாஸில் ஒரு எச்சரிக்கை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், காய்ந்த நிலையில் அறுக்கவோ துளையிடவோ வேண்டாம், அதிலிருந்து வரும் இழை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நனைத்து, மெத்தென்ற துடைப்பத்தால் தள்ளிவிட்டு அடியுங்கள். ஷீட்டின் மேல் நேரடியாகக் கால் வைக்கக்கூடாது, குறுக்கே பலகை போட்டு அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

தினமும் சாயங்காலம் மாடியில தண்ணி ஊத்துறோம். தப்பா?

தப்பில்லை, பலன் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் முழுதாக ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஊற்றியதில் பாதி குழாய் வழியாக ஓடிவிடுகிறதே. ஈரச் சாக்கு விரித்துத் தெளித்தால் கொஞ்சத் தண்ணீரே போதும். மதுரை, திருச்சி மாதிரி காய்ந்த வெயிலில் இது நன்றாக வேலை செய்யும், கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் மந்தம். வெடிப்புள்ள தளத்தில் மட்டும் கூடாது, கம்பிக்குத் தினமும் தண்ணீர் காட்டுவதாகிவிடும். தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கிற வீட்டில் இதை நான் சொல்லமாட்டேன்.

மாடித் தோட்டம் போட்டாலும் குளிர்ச்சிதானே? சோலார் வெச்சா?

இரண்டும் நிழல்தான், நல்ல நிழல். தோட்டத்தில் பைகளையும் தொட்டிகளையும் செங்கல் வைத்து உயர்த்தி வையுங்கள், அடியில் காற்றும் போகும், தளமும் காயும். மொத்த மாடிக்கும் ஓரடி மண் கொட்ட நினைத்தால் நிறுத்துங்கள். நனைந்த மண் ஓரடி ஆழத்துக்குச் சதுர அடிக்கு ஐம்பது கிலோவை எட்டும், ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரவிதி கணக்கில் எடுக்கும் பாரமோ பதினான்கு கிலோதான்.

சோலார் பலகை ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் ஐம்பது சதுர அடி நிழல் தரும், படுக்கையறைக்கு மேல் வருகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் இருக்கிறது. சூட்டுக்காக மட்டும் சோலார் வாங்க வேண்டாம், எப்படியும் வாங்கப்போகிறவர்களுக்கு இது கொசுறு.

மண் பானையைக் கவுத்து வெச்சு தளம் போடுறது நல்லதுங்கிறாங்களே?

பானைக்குள் அடைபட்ட காற்றுதான் அங்கே தடுப்பு, நல்ல பழைய யோசனை. ஆனால் பானைக்கும் பானைக்கும் நடுவில் நிரப்புகிற காரை வழியாகச் சூடு இறங்கும், எடையும் கூடும். பானை மலிவாகக் கிடைக்கிற ஊரில், வேலை தெரிந்த கொத்தனார் இருந்தால் செய்யுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள் என்றால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ஃபில்லர் ஸ்லாப் முறையையும் பாருங்கள், தளத்தின் அடிப்பகுதியில் கூரை ஓடுகளை வைத்து கான்கிரீட்டைக் குறைப்பது. சூட்டில் ஓரளவுதான் வித்தியாசம், செலவில் நல்ல வித்தியாசம்.

இதெல்லாம் பண்ணா கரண்ட் பில் பாதியாயிடுமா?

ஆகாது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ராத்திரி எட்டு மணி நேரம் ஏசி ஓடுகிறது என்றால் ஓர் அங்குலப் பலகையால் குறைவது என் கணக்கில் நாளுக்கு ஓர் யூனிட் வாக்கில்தான். கூரை சுடாததால் 23-இல் வைத்த ஏசியை 27-இல் வைத்துத் தூங்க முடிகிறதே, லாபம் அதில்தான் அதிகம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் வாரியம் சொல்கிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறுகிறதே, அந்தக் கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்குச் சின்னக் குறைவுகூடப் பெரிதாகத் தெரியும்.

ஊட்டியில வீடு. எங்களுக்கு குளிருது, இதே வேலை ஆகுமா?

இன்சுலேஷன் ஆகும், அதற்குத் திசை கிடையாது, உள்ளே இருக்கிற சூட்டையும் அதே மாதிரி பிடித்து வைக்கும். வெள்ளை மட்டும் அடிக்காதீர்கள், கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் திருப்பி அனுப்புவானேன்.

பலகை வெச்சு தளம் போட்டாச்சு. பகல்ல சூப்பர். ஆனா நடுராத்திரி வெளிய ஜில்லுனு இருக்கு, உள்ள புழுங்குது. இது என்ன கூத்து?

ஊட்டிக்குச் சொன்ன அதே சங்கதி இங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. சமையல், ஃப்ரிட்ஜ், டிவி, நான்கு பேர் உடம்புச் சூடு எல்லாம் உள்ளே இருக்கிறது, முன்பு பின்னிரவில் தளம் வானத்துக்குச் சூட்டை விட்டு ஆறும்போது இதிலும் கொஞ்சம் மேலே போகும். இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது. அதனால் இனி ஜன்னலுக்கு வேலை: பகலில் பதினொரு மணியிலிருந்து மூடித் திரை போடுங்கள், ராத்திரி எட்டுக்கு மேல் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். கொசுவுக்குப் பயந்துதான் ஜன்னலை அடைக்கிறீர்கள் என்றால் வலை அடித்துக்கொள்ளுங்கள், பலகைக்குச் செலவழித்ததில் அது ஒரு மூலைக்கும் வராது.